இல்லாத பக்கத்துக்கு யார் பதில் சொல்வது: சர்வரா, மென்பொருளா, முகப்புப் பக்கமா?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இயங்கும் ஒரு தமிழ்ப் படிப்பகத்தின் இணையதளத்தை நான் கவனித்து வருகிறேன். விண்டோஸ் சர்வரில் இருந்த பழைய தளத்தை லினக்ஸ் சர்வருக்கு மாற்றிய மாதத்தில், ஊரில் எல்லோரும் மாஷ் என்று அழைக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். கேரள அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பி வைத்திருந்த பழைய தமிழ் வினாத்தாள் இணைப்புகள் எதைத் தொட்டாலும் முகப்புப் பக்கத்திலேயே போய் நிற்கின்றன என்றார். “தம்பி, அந்தத் தாளை எடுத்துட்டீங்களா, இல்ல வேற எங்கயாவது மாத்தி வச்சிருக்கீங்களா? அதை மட்டும் சொல்லுங்க” என்று கேட்டார். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் இல்லாத முகவரிகளை எல்லாம் முகப்புக்குத் திருப்பிவிட்டிருந்ததால், அந்தக் கேள்விக்குத் தளம் எந்தப் பதிலும் சொல்லவில்லை. அன்று முதல், காணாத பக்கத்துக்கான கோரிக்கையை எந்த இடத்தில், எந்த வகையில் கையாள வேண்டும் என்று ஒவ்வொரு வழியாக எடுத்துச் சோதித்துப் பார்த்தோம். அந்தச் சோதனையில் தெளிவானவற்றை இங்கே எழுதுகிறேன்.

முகவரி மாறுவது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலும், சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தன. அன்று இரண்டும் கேரளத்துக்குள் வந்தன, 1957 ஜனவரி 1 அன்று பாலக்காடு தனி மாவட்டம் ஆயிற்று. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, முகவரி மட்டும் மாறியது. பழைய முகவரியில் வந்த கடிதத்தைத் தபால்காரர் உரியவரிடம் சேர்ப்பது ஒரு வகை, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்புவது இன்னொரு வகை, பெற வேண்டியவர் காலமாகிவிட்டார் என்று எழுதித் திருப்புவது மூன்றாம் வகை. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையில் இம்மூன்றுக்கும் முறையே 301, 404, 410 என்ற குறியெண்கள் உள்ளன. 2022 ஜூன் மாதம் வெளியான ஆர்எஃப்சி 9110 என்னும் வரையறையின்படி, 404 என்பது கேட்ட பொருள் கிடைக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அது தற்காலிகமா நிரந்தரமா என்று சொல்லும் பொறுப்பை அது ஏற்பதில்லை. நிரந்தரமாக நீக்கப்பட்டது என்று சர்வருக்குத் தெரிந்திருந்தால் 410 அனுப்புவதே விரும்பத்தக்கது. மனிதர் படிக்கும் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும், உலாவியும் தேடுபொறியும் இடையிலிருந்து பக்கங்களின் நகலை வைத்துத் தரும் கேஷ் சர்வர்களும் இந்த எண்ணைப் பார்த்தே நடந்துகொள்கின்றன. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், எண் உண்மையைச் சொல்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்த அளவுகோலில் முதலில் விழுவது, எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடும் வழி. வாசகர் பிழைப்பக்கத்தைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் பலரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் வினாத்தாள் கேட்டு வந்தவருக்கு முகப்புப் பக்கம் எதையும் விளக்குவதில்லை. இணைப்பைத் தவறாக அழுத்திவிட்டோமோ என்று அவர் திரும்பிப் போய் மறுபடி அழுத்துகிறார். கூகுள் தேடுபொறி இப்படிப்பட்ட திருப்பல்களைப் போலி 404 என்ற வகையில் வைத்துவிடுவதால், பழைய பக்கத்தின் மதிப்பு முகப்புக்கு வந்து சேரும் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறுவதில்லை. இவை இரண்டையும்விட எனக்குப் பெரிய குறையாகப் பட்டது, சர்வரின் பதிவேட்டில் தற்காலிகத் திருப்பலைக் குறிக்கும் 302 என்ற வரிகளே நிறைந்திருந்ததுதான். எந்தப் பக்கங்கள் காணாமல் போயின என்பதைத் தளத்தை நடத்தும் எங்களாலேயே அறிய முடியவில்லை. மாஷ் பேசியிராவிட்டால் இன்னும் பல மாதங்கள் அப்படியே போயிருக்கும். உலாவிக்குள்ளேயே பக்கங்களை வரையும் தளங்கள் சில, எந்த முகவரிக்கும் எல்லாம் சரி என்னும் 200-ஐப் பதிலாக அனுப்பிவிட்டு உள்ளே மன்னிப்புச் செய்தி காட்டுகின்றன. அவற்றுக்கும் இதே குறை உண்டு.

அடுத்த வழி, சர்வரே தன் கையில் உள்ள ஒரு நிலையான பக்கத்தைக் கொடுப்பது. பக்கங்களைப் பரிமாறும் சர்வர் நிரல்களுள் அப்பாச்சியில் எர்ரர் டாக்குமென்ட் என்ற கட்டளையும் எஞ்சின்எக்ஸில் எர்ரர் பேஜ் என்ற கட்டளையும் இதற்காக உள்ளன. கோரிக்கை வருகிறது, அதற்குரிய கோப்பு வட்டில் இல்லை என்று தெரிகிறது, சர்வர் உள்ளுக்குள்ளேயே பிழைப்பக்கத்தின் முகவரிக்குத் தாவி அதன் உள்ளடக்கத்தை எடுத்து 404 என்ற எண்ணோடு அனுப்புகிறது. வாசகரின் உலாவியில் கேட்ட முகவரி மாறுவதில்லை. தரவுத்தளம் முடங்கியிருந்தாலும், பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி நிரல் நின்றுபோயிருந்தாலும் இந்தப் பக்கம் வந்துவிடும் என்பதே இவ்வழியின் தலையாய பலம். பக்கம் இல்லை என்று சொல்வதற்கே தரவுத்தளம் தேவைப்படும் தளத்தில், தரவுத்தளம் விழுந்த நாளன்று 404 எல்லாம் சர்வரின் கோளாறைக் குறிக்கும் 500 ஆகிவிடும். அப்போது எது இல்லாத பக்கம், எது எட்ட முடியாத பக்கம் என்று யாராலும் பிரித்தறிய முடியாது.

இவ்வழியில் ஒரு சிறு எழுத்துப் பிழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாச்சியில் பிழைப்பக்கத்தின் இடத்தைச் சாய்கோட்டில் தொடங்கும் உள்முகவரியாக எழுதாமல், எச்டிடிபி என்று தொடங்கும் முழு முகவரியாக எழுதிவிட்டால், சர்வர் 404 அனுப்பாமல் வாசகரை அந்த முகவரிக்குத் திருப்பிவிடுகிறது. எஞ்சின்எக்ஸிலும் முழு முகவரி எழுதினால் 302 தான் போகும். அதுபோல எஞ்சின்எக்ஸில் பிழை எண்ணுக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு 200 என்று எழுதும் வழக்கம் பல மாதிரிக் கோப்புகளில் காணப்படுகிறது. அது பிழையை வெற்றியாக மாற்றிக் காட்டிவிடும். பிழைப்பக்கத்தை நேரடியாக யாரும் கேட்டுப் பெறாதபடி அதன் இடத்தை உள்பயனுக்கு மட்டும் என்று குறித்து வைப்பதும் நல்லது. இல்லாவிட்டால், அந்தப் பக்கத்தை 200 என்ற எண்ணோடு தேடுபொறி சேர்த்துக்கொள்ள வாய்ப்புண்டு.

மூன்றாவது வழி, சர்வர் எதையும் முடிவு செய்யாமல், கோப்பு இல்லாத ஒவ்வொரு கோரிக்கையையும் வேர்ட்பிரஸ் போன்ற, பக்கங்களைத் தரவுத்தளத்தில் வைத்து நிர்வகிக்கும் உள்ளடக்க மென்பொருளிடம் ஒப்படைப்பது. எஞ்சின்எக்ஸில் டிரை ஃபைல்ஸ் கட்டளையின் கடைசி இடத்தில் அந்த மென்பொருளின் வாசலான இன்டெக்ஸ் பிஎச்பியை எழுதுவதும், அப்பாச்சியில் ஃபால்பேக் ரிசோர்ஸ் எழுதுவதும் இதற்காகத்தான். வேர்ட்பிரஸ் போன்றவற்றில் அழகான முகவரிகள் வேண்டுமென்றால் இதைத் தவிர்க்கவே முடியாது, ஏனெனில் அந்த முகவரிகளுக்கு வட்டில் கோப்பு எதுவும் இல்லை, பக்கம் உண்டா இல்லையா என்பது தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். மென்பொருள் சொல்லும் 404 வாசகருக்கு அதிகம் உதவக்கூடியது என்பதையும் மறுக்க முடியாது. கேட்ட முகவரியில் உள்ள சொற்களைக் கொண்டு தேடி, இதையா கேட்டீர்கள் என்று நான்கு தலைப்புகளைக் காட்ட அதனால் முடியும். அப்படிக் காட்டும்போது, கேட்ட முகவரியை வடிகட்டாமல் அப்படியே பக்கத்தில் அச்சிட்டால், பிறர் எழுதிய நிரலை நம் பக்கத்தில் ஓடவிடும் வாசலாக அது ஆகிவிடும்.

ஆனால் இல்லாத பக்கங்களைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் மனிதர் அல்லர் என்பதைப் பதிவேட்டை ஒருநாள் திறந்து படித்தவர் எவரும் அறிவார். வேர்ட்பிரஸ் நிறுவாத தளத்திலும் அதன் உள்நுழைவுப் பக்கத்தைக் கேட்டுக் கதவைத் தட்டும் பாட்கள் என்னும் தானியங்கி நிரல்கள், கடவுச்சொல் இருக்கக்கூடிய அமைப்புக் கோப்புகளைத் தேடுபவை, இல்லாத ஐகான் படத்தைக் கேட்கும் தொலைபேசிகள் என வரிசை முடிவதில்லை. மூன்றாவது வழியில் இவை ஒவ்வொன்றுக்கும் பிஎச்பி எழுந்து, மென்பொருள் முழுவதையும் ஏற்றி, தரவுத்தளத்தைக் கேட்டு, கடைசியில் இல்லை என்று சொல்கிறது. ஒரு ஜிபி நினைவகம் உள்ள வாடகைச் சர்வரில், உண்மையான வாசகர் காத்திருக்க நேர்வது இந்த வேலையால்தான். விடுபட்ட ஒரு சிறு படத்துக்குப் பதிலாக முழு எச்டிஎம்எல் பக்கம் போவதும் வீண் செலவு. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது ஒரு குறிப்பிட்ட பாதையில் சிறு கோப்பு ஒன்றைச் சரிபார்ப்பார்கள். எல்லாப் பாதைகளையும் மென்பொருள் விழுங்கும்படி அமைத்துவிட்டால், அங்கே கோப்புக்குப் பதிலாக நம் பிழைப்பக்கம் போய்ச் சேர்ந்து புதுப்பிப்பு தோற்றுப்போகலாம். தேடுபொறிகள் எதைத் தொடலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பும் அப்படித்தான். அது இல்லையென்றால் தெளிவான 404 போக வேண்டும். 500 வரிசைப் பிழை போனால், தளத்தையே தொடக்கூடாது என்று கூகுள் சிறிது காலத்துக்கு எடுத்துக்கொள்கிறது.

இதுவரை சொன்னவை எந்த மொழித் தளத்துக்கும் பொருந்தும். தமிழில் முகவரி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சங்கடத்தை, எங்கள் ஊர்ப்பெயரே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கொழிஞ்சாம்பாறை என்பது ஏழு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் அது 14 குறிகள், ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் 3 பைட், முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்த்து மூன்று எழுத்தாக எழுதப்படுவதால் மொத்தம் 126 எழுத்து. ஆனால் முதலெழுத்தான “கொ”வை இரண்டு விதமாக உள்ளிடலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டாவதில் முகவரி 135 எழுத்தாகிவிடுகிறது. லினக்ஸின் கோப்பமைப்பு பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால், ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை அது தராது. பழைய மேக் கணினிகளின் கோப்பமைப்பு இவ்வெழுத்துகளைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து பதிவேற்றிய கோப்பைச் சாதாரண விசைப்பலகையில் தட்டிக் கேட்டவருக்குக் கிடைத்தது 404 தான். கோப்பு அங்கேயே இருந்தது, பட்டியலில் பெயரும் தெரிந்தது, கேட்டால் இல்லை என்றது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைப்பொழுது ஆயிற்று.

ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் உள்ள இந்தப் பிரிவை யூனிகோடின் சீராக்க முறை ஒன்றாக்கிவிடும். ஆனால் மௌனம் என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு மெளனம் என்று தட்டுபவர்கள் ஏராளம். அது சீராக்கத்துக்குக் கட்டுப்படாது, ஏனெனில் யூனிகோடின் கணக்கில் அது வேறு சொல். எங்கள் படிப்பகத்தில் மலையாள நூல்களும் உள்ளதால் இன்னொன்றும் சேர்ந்தது. உயிர் சேராத மெய்களைக் குறிக்கும் தனி வடிவங்களான மலையாளச் சில்லெழுத்துகளுக்கு 2008-இல் வெளிவந்த யூனிகோடு 5.1 தனிக் குறிகள் கொடுத்தது. அதற்கு முன்பு மெய்யும், நம் புள்ளி போன்ற சந்திரக்கலையும், கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியும் சேர்த்தே அவற்றை எழுதினார்கள். பழைய முறையில் பெயரிட்ட பக்கத்தைப் புதிய விசைப்பலகையில் கேட்டால் கிடைக்காது, சீராக்கமும் கைகொடுக்காது. எஞ்சின்எக்ஸோ அப்பாச்சியோ இந்தச் சீராக்கத்தைத் தாமாகச் செய்வதில்லை. ஆகவே முகவரியின் எழுத்து வேறுபாட்டைத் தீர்க்கும் வேலைக்கு மட்டும் மென்பொருளின் உதவி வேண்டியிருக்கிறது. மூன்றாவது வழியை நான் முழுவதும் தள்ளிவிடாததற்கு இதுவே காரணம்.

மென்பொருள் உதவுகிறது என்றால், அதையே ஊகிக்கவிட்டுத் தானாகத் திருப்பிவிடச் செய்யலாமே என்று கேட்கலாம். வேர்ட்பிரஸில் இந்த ஊகம் இயல்பாகவே இயங்குகிறது. கேட்ட முகவரிச் சொல்லில் தொடங்கும் வேறொரு பதிவைக் கண்டால் வாசகரை அங்கே 301 என்று அனுப்பிவிடுகிறது. எங்கள் தளத்தில் இரண்டு சித்தூர் உண்டு. ஒன்று பாலக்காட்டுச் சித்தூர், மற்றொன்று ஆந்திரத்துச் சித்தூர், இரண்டிலும் தமிழர் வாழ்கிறார்கள், இரண்டைப் பற்றியும் பக்கங்கள் இருந்தன. சித்தூர் என்று மட்டும் பெயரிட்டிருந்த பழைய பக்கத்தைப் பிரித்து எழுதிய பிறகு, பாலக்காட்டுச் சித்தூரின் பேருந்து நேரம் கேட்டவர்களை ஊகம் ஆந்திரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு 301 என்பதை உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். நாம் சர்வரில் திருத்திய பிறகும், ஒருமுறை அங்கே போன தொலைபேசி பழைய தவற்றையே நெடுநாள் செய்யக்கூடும். ஆகவே எழுத்து வடிவம் மட்டும் வேறாக, சொல் ஒன்றாகவே இருக்கும்போது திருப்பிவிடுவதை ஏற்கிறேன். சொல்லையே ஊகிப்பதை ஏற்கவில்லை. ஊகித்தவற்றை 404 பக்கத்திலேயே பட்டியலாகக் காட்டி, தேர்வை வாசகரிடம் விட்டுவிட வேண்டும்.

எது எங்கே போயிற்று என்று நமக்கே உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு, கையால் எழுதிய பட்டியலுக்கு நிகரானது வேறில்லை. எஞ்சின்எக்ஸின் மேப் கட்டளையில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதிய முகவரி என்று எழுதிவிட்டால், மென்பொருளை எழுப்பாமல் சர்வரே திருப்பிவிடும். சதவீதக் குறிகளை விடுவித்த வடிவத்தோடு அது ஒப்பிடும்படி அமைக்கலாம் என்பதால், பழைய முகவரியைத் தமிழிலேயே எழுதி வைக்கலாம், பின்னால் வருபவருக்கும் படித்தால் புரியும். செல்லுமிடத்தை மட்டும் சதவீத வடிவில் எழுதுவது பாதுகாப்பு. இதிலும் தமிழுக்கென்று ஒரு தடங்கல் உண்டு. ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆவதால் முகவரிகள் விரைவில் நீண்டு, பட்டியலுக்கான பெட்டி அளவு போதவில்லை என்று சர்வர் தொடங்கவே மறுக்கும். மேப் ஹேஷ் பக்கெட் சைஸ் என்ற அளவை உயர்த்தினால் சரியாகிவிடும். பழைய தளம் விண்டோஸில் இருந்ததால் பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகளைக் கலந்து எழுதிய முகவரிகளும் எங்களிடம் இருந்தன. அங்கே எப்படிக் கேட்டாலும் கிடைத்தவை லினக்ஸில் காணாமல் போயின. மாஷ் கேட்ட வினாத்தாள்கள் எல்லாமே இந்த வகைதான்.

புதிய வரியை முதலில் 302 என்று எழுதி, ஓரிரு வாரம் சரிபார்த்த பிறகு 301 ஆக்குகிறேன். அப்படி ஆக்கியதைக் குறைந்தது ஓராண்டாவது விட்டுவைக்க வேண்டும் என்று கூகுள் அறிவுறுத்துகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் ஐந்தாண்டுக்கு முந்தைய இணைப்புகள் இன்னும் சுற்றுவதைப் பார்க்கும் நான் எடுப்பதே இல்லை. 410 எங்களுக்கு ஓரிடத்தில் மட்டும் தேவைப்பட்டது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு நிறையாததால் பதிப்புரிமை இன்னும் இருப்பது தெரியாமல் ஏற்றிவிட்ட சில நூல்களை நாங்களாகவே நீக்கினோம். அவற்றுக்கு 410 அனுப்பி, காரணத்தையும் இரண்டு வரியில் எழுதியிருக்கிறோம். சட்டப்படி யாரேனும் கோரி அதனால் தடுத்திருந்தால் 2016-இல் வரையறுக்கப்பட்ட 451 பொருந்தியிருக்கும். இது அப்படியல்ல.

இவற்றையெல்லாம் வைத்து நாங்கள் எடுத்த முடிவு எந்த ஒரு வழியையும் முழுமையாகச் சார்ந்ததல்ல. நகர்ந்தவையும் நீக்கியவையும் சர்வரின் பட்டியலில் உள்ளன. படம், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைத்தாள், பிஎச்பி கோப்பு என்று முடியும் முகவரிகளும் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளும் வட்டில் இல்லையென்றால், சர்வர் தன்னிடமுள்ள சிறு பக்கத்தோடு 404 சொல்லி முடித்துவிடுகிறது. நூல், கட்டுரை, ஊர் என்ற மூன்று பிரிவுகளின் கீழ் வரும் முகவரிகள் மட்டும் மென்பொருளுக்குப் போகின்றன. அது எழுத்தைச் சீராக்கிப் பார்த்து, கிடைத்தால் 301 அனுப்புகிறது, கிடைக்காவிட்டால் நெருங்கிய தலைப்புகளோடு தன் 404 பக்கத்தைக் காட்டுகிறது. மென்பொருள் தரும் பிழைப்பக்கத்தைச் சர்வர் இடைமறித்துத் தன் பக்கத்தைப் போடும் வசதி எஞ்சின்எக்ஸில் உண்டு. 404-க்கு அதை அணைத்தே வைத்துள்ளோம், இல்லாவிட்டால் மென்பொருள் தேடிக் கொடுத்த தலைப்புகள் வாசகரை எட்டாது.

சொந்தச் சர்வர் இல்லாமல் பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு இவ்வளவும் கைகூடாது. அவர்களுக்கு அப்பாச்சியின் எச்டி அக்ஸஸ் என்னும் அமைப்புக் கோப்பு ஒன்றே வழி. அந்தக் கோப்பை ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் புதிதாகப் படிக்கிறது என்பதால், நூற்றுக்கணக்கான திருப்பல் வரிகளை அதில் அடுக்காமல், அதிகம் கேட்கப்படும் சிலவற்றை மட்டும் எழுதி, மற்றவற்றுக்கு உண்மையான 404 போதும் என்று விடுவதே அவர்களுக்கு ஏற்றது. அப்படிச் செய்தாலும் முகப்புக்குத் திருப்பிவிடுவதைவிட அது பல மடங்கு நேர்மையான பதில்.

எங்கள் பிழைப்பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் நான்கு வரிகள் உள்ளன. இந்த முகவரியில் பக்கம் இல்லை, தளம் மாறியபோது விடுபட்டிருக்கலாம், இங்கே தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் படிப்பகத்துக்குத் தெரிவியுங்கள். எந்த மாற்றம் செய்தாலும், சர்வரின் பதிலை நேரடியாகக் காட்டும் கர்ல் கட்டளையில் மறுமொழியின் தலைப்பை மட்டும் கேட்டு, நகர்ந்த ஒரு முகவரி, நீக்கிய ஒரு முகவரி, ஒருபோதும் இருந்திராத ஒரு முகவரி, “கொ”வைப் பிரித்து எழுதிய ஒரு முகவரி என நான்கின் எண்களையும் சரிபார்க்கிறேன். சனிக்கிழமை மாலையில் அந்த வாரத்தின் 404 வரிகளைப் பதிவேட்டிலிருந்து பிரித்தெடுத்து, பாட்களின் வரிகளை நீக்கிவிட்டு, மனிதர் கேட்டவை என்று தோன்றுபவற்றை மாஷிடம் படித்துக் காட்டுகிறேன். எந்தத் தாள் எந்த ஆண்டுத் தேர்வுக்கு உரியது, முன்பு எந்தப் பெயரில் இருந்தது என்று அவருக்கு நினைவிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல, பட்டியலில் வரிகளைச் சேர்க்கிறேன்.